மருத்துவமனை வாயில் யாவர்க்கும் திறக்கட்டும்

மருந்து என்னும் அதிகாரத்தை வகுத்த திருவள்ளுவர், மருத்துவத்தின் கூறுகள் நான்கு என்றார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவன் என்பன அவை. மருத்துவனை நிறுத்திய வரிசையிலேயே பணியாளனையும் நிறுத்திய அப்பெருந்தகையின் நுண்ணறிவு எண்ணி வியத்தற்குரியது. இன்று அவ்வரிசை அப்படியே உள்ளதா? மருத்துவர் நாற்காலியில் அமர்பவர் எவர், துடைப்பம் ஏந்துபவர் எவர் என்னும் வினாவை எழுப்பாமல் மருத்துவப் பணியின் மாண்பைப் பேசுதல் பொருந்துமா?

இவ்வினாவை எழுப்பும் உரிமை புதுக்கோட்டை மண்ணுக்குச் சிறப்பாக உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886 ஜூலை 30 அன்று பிறந்தது இம்மண்ணில்தான். அவர் பிறந்த நாளைத் தமிழக அரசு மருத்துவமனைகள் 'மருத்துவமனை நாள்' எனக் கொண்டாடும் என அரசு 2019-இல் அறிவித்தது. நன்று. ஆயினும் எதனைக் கொண்டாடுகிறோம் என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும்.

தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அப்பிறப்பைச் சுட்டியே சமுதாயம் அச்சிறுமியை ஒதுக்கியது. ஆண்களே பயின்ற மகாராஜா கல்லூரியில், இன்றைய மன்னர் கல்லூரியில், அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் இடமளித்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்ற அம்மாணவியே பின்னர் சட்டமன்ற மேலவையில் துணைத் தலைவராக வீற்றிருந்தார்; 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழக் காரணமாயிருந்தார். தேவதாசிக் குலத்துச் சிறுமியர்க்கு விடுதிகள் இடம் மறுத்தபோது தம் இல்லத்திலேயே புகலிடம் தந்தார். ஒதுக்கப்பட்டவரின் துயரை அறிந்த உள்ளம் அது! அன்று ஒரு கதவு திறவாதிருப்பின் நாடு இழந்திருக்கக் கூடியது எத்துணை!

இப்போராட்டம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஜமைக்காவில் 1805-இல் பிறந்த கறுப்பினப் பெண்மணி மேரி சீக்கோல், கிரிமியப் போரில் காயமுற்றோர்க்குப் பணிவிடை செய்ய 1854-இல் இலண்டனில் விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டார். மனந்தளராது தம் செலவிலேயே போர்க்களம் சென்று தொண்டாற்றினார். இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில் அவருக்குச் சிலை எழுந்தது 2016-இல்தான்! 1948-இல் பிரிட்டனில் தேசிய மருத்துவப் பணி தொடங்கியபின் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த செவிலியர் அதனைத் தாங்கி நின்றனர். அவர்களுள் பலர் உயர்தகுதிப் பயிற்சி மறுக்கப்பட்டுக் கீழ்நிலைப் பயிற்சிக்கே தள்ளப்பட்டனர். 2020-இல் கொரோனாவால் அந்நாட்டில் உயிரிழந்ததாக அறிவிக்கப்பட்ட முதல் பத்து மருத்துவர்களும் கறுப்பின, ஆசிய மற்றும் பிற சிறுபான்மை இனத்தவரே.

பிரிட்டனில் 1987 முதல் அக்டோபர் திங்கள் கறுப்பின வரலாற்று மாதமாகக் கொண்டாடப்படுகிறது. மருத்துவமனைகளும் அதில் பங்கு கொள்கின்றன. ஆனால் விழா மேடையில் புகழ்ந்துவிட்டுப் பதவி உயர்வுப் பட்டியலில் மறந்துவிட்டால் அவ்விழாவால் விளைவது யாது? இக்கேள்வி நம் ஜூலை 30-க்கும் பொருந்தும்.

தமிழகம் இத்துறையில் முன்னோடி என்பதில் ஐயமில்லை. 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடும், 2009 முதல் அருந்ததியர்க்கு 3 விழுக்காடும் உள் ஒதுக்கீடு கிடைத்தன. 2020-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் தந்தது. இதனால் திறமை குன்றும் என்பர் சிலர். எதிர்ப்பை மீறிச் சேர்க்கப்பட்ட முத்துலட்சுமியாரின் வாழ்வே அவர்க்கு விடை. தம் பேச்சும் வறுமையும் கூச்சமும் அறிந்த ஒருவர் எதிரில் அமர்ந்திருந்தால் நோயாளி வாய்திறந்து நோயுரைப்பார். அதுவும் மருத்துவத் திறமையே அன்றோ!

எனினும் சட்டம் வாயிலைத் திறக்குமேயன்றி மனத்தைத் திறவாது. துப்புரவுப் பணி இன்றும் பெரும்பாலும் சில குலத்தார் தலைமேலேயே சுமத்தப்பட்டுள்ளது. மருத்துவமனை நாளன்று மருத்துவரோடு செவிலியரும் துப்புரவுப் பணியாளரும் ஒரே மேடையில் அமர்த்தப்பட வேண்டும். பெயர் சொல்லிச் சிறப்பிக்கப்பட வேண்டும். அவர்தம் ஊதியமும் பணிப் பாதுகாப்பும் அன்றே பேசப்பட வேண்டும்.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். நம் இல்லத்துப் பெண்டிர் நோயுற்றால் பெண் மருத்துவர் வேண்டும், பெண் செவிலியர் வேண்டும் என்கிறோம். நம் மகளோ செவிலியர் படிப்புக்கு விண்ணப்பம் கேட்டால் இரவுப் பணி என்றும் ஊரார் பேச்சு என்றும் தயங்குகிறோம். பிறர் வீட்டு மகள் வந்து நமக்குப் பணிவிடை செய்ய வேண்டும். நம் வீட்டு மகள் மட்டும் செல்லலாகாது என்பது எவ்வகை நீதி?

மாணவ நண்பர்களே! 2017 முதல் நம் மாவட்டத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. உங்கள் தெருவில் பயிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவம், செவிலியம், மருந்தாளுநர், ஆய்வகப் படிப்புகளின் வழிகளை எடுத்துரையுங்கள். விண்ணப்பம் நிரப்பித் தாருங்கள். மன்னர் ஒருவர் அன்று திறந்த கதவை இன்று நாம் அனைவரும் சேர்ந்து அகலத் திறப்போம். அதுவே முத்துலட்சுமியார்க்கு நாம் எடுக்கும் மெய்யான விழா.