சுறாக் குட்டிகளின் தொட்டில்

பிள்ளை பெற்ற வீட்டில் சுறாப் புட்டு சமைப்பது நம் கரையோர ஊர்களின் நெடுநாள் வழக்கம். தாய்க்குப் பால் ஊறும் என்னும் நம்பிக்கையில், சதை இளசாக இருக்க வேண்டுமென்று சிறிய குட்டிகளையே தேடி வாங்குகிறோம். கடல் உணவை அல்லாஹ் நமக்கு ஹலாலாக்கியிருக்கிறான், அதில் ஐயமில்லை. ஆனால், ஹலாலானதிலும் வரம்பு மீறலாகாது என்பதும் அவன் கட்டளையே.

மீன்கள் பலவும் ஆயிரக்கணக்கிலும் இலட்சக்கணக்கிலும் முட்டையிடுகின்றன. சுறா அவ்வாறன்று. பால் சுறா ஏறத்தாழ ஓராண்டு சுமந்து, பெரும்பாலும் ஐந்துக்கு மேற்படாத குட்டிகளையே ஈனுகிறது. ஈன்றபின் சுறாக்கள் குட்டிகளைப் பேணுவதில்லை. பல இனங்களில், தாய் செய்யும் பேருதவி ஈனும் இடத்தைத் தேர்வதே. பெரிய சுறாக்கள் அதிகம் வராத ஆழங்குறைந்த நீர், ஒளிந்துகொள்ளக் கடற்புல்லும் அலையாத்தி வேர்களும், இரையாகச் சிறுமீனும் இறாலும் அங்கே உண்டு. பஹாமாஸ் நாட்டின் பிமினித் தீவில் பிறந்த எலுமிச்சைச் சுறாக்கள், பல்லாண்டுகள் கழித்து அங்கேயே வந்து ஈன்றதை 2013இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஆகவே, ஒரு தொட்டிலை அழித்தால் அங்கு திரும்பி வரவேண்டிய தாய்மார்களையும் சேர்த்தே இழக்கிறோம்.

பாக் நீரிணையின் கடற்புல் வெளிகளும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் கடல்வாழ் இளம் உயிர்கள் பலவற்றுக்கு இத்தகைய புகலிடங்கள். கரையையொட்டிய குறிப்பிட்ட எல்லைக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கலாகாது என்கிறது தமிழ்நாட்டின் சட்டம். அவ்வெல்லையை மீறி இழுவை மடி வரும்போது, புல்லும் குட்டியும் சேர்ந்தே வாரப்படுகின்றன.

"வலையில் வந்ததை என்ன செய்வது?" என்று மீனவர் கேட்பது நியாயமே. அவர் பிழைப்பைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆயினும், குட்டிக்கு நாம் தரும் நல்ல விலையே வலையை மீண்டும் அங்கே இழுக்கிறது. வாங்கும் கை நின்றால், உயிரோடு சிக்கியதைக் கடலிலேயே விட்டுவிடுவது அவருக்கும் எளிதாகும்.

பிள்ளை பெற்றவளுக்கு ஊட்டம் தர வேறு மீன்களும் பூண்டும் முருங்கைக் கீரையும் நம் அடுக்களையில் உண்டு. ஒரு தாயின் பாலுக்காக இன்னொரு தாயின் பிள்ளைகளை வாரிக்கொள்ள வேண்டியதில்லை. கடல் நம் கையில் தரப்பட்ட அமானிதம். அதை நம் பேரப்பிள்ளைகளிடம் குறையாமல் ஒப்படைப்பது நம் கடமை.