அடுப்படியில் ஓர் ஏடு



மகிழ்ச்சி என்னும் சொல்லை ஆண்டில் சில நாட்களுக்கென்றே ஒதுக்கி வைத்துப் பழகிவிட்டோம். திருமணம், பிள்ளைகளின் முதல் நற்கருணை, புதுவீட்டு மந்திரிப்பு, ஊர்ப் பாதுகாவலரின் திருவிழா என்று விரல் மடக்கி எண்ணினால், ஒரு குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்குப் பத்து நாட்கள் தேறலாம். எஞ்சிய 355 நாட்களும் என்ன பாவம் செய்தன?

இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது நம்மை முன்னறையில் அமர்த்துவார்கள். முன்னறை எல்லா வீட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான்: திருஇருதயப் படம், தொலைக்காட்சிப் பெட்டி, விருந்தினருக்கென்று துடைத்து வைத்த நாற்காலி. ஆனால் ஒரு வீட்டின் மெய்யான முகம் பின்கட்டிலேதான் இருக்கிறது என்பது நமது நெடுநாளைய எண்ணம். அடுப்படியில் ஏதேனும் வேகிறதா? கொல்லையில் ஏதேனும் வளர்கிறதா? இவை உள்ள வீட்டில் துன்பமே இராது என்று சொல்ல மாட்டோம். கடன்பட்ட வீட்டிலும் நோயாளி படுத்திருக்கும் வீட்டிலும் இவை உண்டு. ஆயினும் அங்கே நாளை என்பது வெறும் தேதியன்று. நாளைக்கு அவரை பூக்கும். நாளைக்கு ஊற வைத்த பழம் பதமாகும்.

முதலில் அடுப்படி. மின்சார ஓவன் வீடுகளுக்கு வராத காலம் முதியோருக்கு நினைவிருக்கும். அகன்ற பாத்திரத்தில் மணலைப் பரப்பிச் சூடேற்றி, நடுவே மாவு ஊற்றிய தட்டை வைத்து, மேலே மூடியிட்டு, மூடியின்மேல் சிரட்டைத் தணலை அள்ளி வைப்பார்கள். தணல் மிகுந்தால் மேற்புறம் கருகி நடுப்பாகம் களியாக நிற்கும். குறைந்தாலோ எழும்பிய மாவு அமர்ந்துவிடும். ஆவல் தாங்காமல் பாதி வேக்காட்டில் மூடியைத் திறந்தாலும் அதே கதிதான். உள்ளே விரிந்து நிற்கும் காற்றும் ஆவியும் குளிர்ந்து சுருங்க, இன்னும் இறுகாத மாவு தன்னைத் தாங்க இயலாமல் உட்கார்ந்துவிடுகிறது. ஆகவே பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி அமர்ந்து மணத்தை மட்டும் நுகர்ந்துகொண்டிருப்பார்கள். அந்த முக்கால் மணி நேரக் காத்திருப்பைக் காட்டிலுமா கேக் இனித்தது?

தூத்துக்குடி மக்ரூனை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள்கள் மூன்றே: முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப் பருப்பு. அந்த முந்திரியும் பிரேசில் நாட்டு மரம். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்தது. வெள்ளைக்கருவில் மஞ்சட்கரு ஒரு துளி விழுந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை சரிவர எழாது. நுரை நிமிர்ந்து நின்ற பின்னர், பொடித்த முந்திரியைக் கை அழுத்தாமல் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து மெல்லிய சூட்டில் வைக்கிறார்கள். வேக வைக்கிறார்கள் என்பதைவிட உலர வைக்கிறார்கள் என்பதே பொருந்தும். மழை நாளில் காற்றின் ஈரத்தை உண்டு அது பிசுபிசுத்துவிடும். மூன்றே பொருள்கள், எனினும் எத்தனை கவனம்! வேறு கவலைகளை அந்த நேரத்திற்கு வெளியே நிறுத்தி வைக்கும் ஆற்றல் இத்தகைய வேலைக்கு உண்டு. கலகலாவையும் அச்சுமுறுக்கையும் குறித்து எழுதத் தொடங்கினால் இப்பக்கம் போதாது. எண்ணெய்ச் சட்டியின் முன் நின்றவர்களுக்கு அது தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. வீட்டுப் பலகாரத்தின் இன்பத்தை, முன்னறையில் அமர்ந்து உண்பவர்கள் புகழ்வது எளிது. குருக்களாகிய நம்மையும் சேர்த்தே சொல்கிறோம். டிசம்பர் 24 அன்று இரவு பத்து மணி வரை அடுப்படியில் நின்றுவிட்டு, ஈரத்தலையோடு நள்ளிரவுத் திருப்பலிக்கு ஓடிவந்து, மறையுரையின்போது தூணில் சாய்ந்து கண்ணயரும் தாய்மாரைப் பீடத்திலிருந்து பார்க்கிறோம். அவர்களை யாரும் குறை கூற வேண்டாம். ஒருவர் உழைக்க மற்றவர் மகிழ்வது இல்லத்தின் மகிழ்ச்சியாகாது. வெண்ணெயையும் சீனியையும் வெளிறி வரும்வரை குழைப்பதற்குக் கைவலிமை வேண்டும். குடும்பத் தலைவருக்கு அவ்வலிமை உண்டு. பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி அரிவதற்குப் பத்து வயதுச் சிறுவன் போதும். ஆண்பிள்ளைக்கு அடுப்படி ஆகாது என்னும் விதி திருச்சபைச் சட்டத் தொகுப்பில் எந்தப் பிரிவிலும் இல்லை.

கொல்லைக்கு வருவோம். நகரத்துப் பங்குகளில் கொல்லை ஏது என்று கேட்பீர்கள். மொட்டைமாடியில் நான்கு தொட்டிகள் இருந்தாலும் கொல்லைதான். அரிசி கழுவிய நீரும் கறிகாய்த் தோலும் அதற்குப் போதும். முளைக்கீரையை விதைத்தால் ஒரு மாதத்திற்குள் பறித்துவிடலாம். ஆகையால் பொறுமையற்றவர்கள் கீரையில் தொடங்கட்டும். கடையில் வாங்கிய புதினாவின் இலையைக் கிள்ளிய பின் தண்டை ஊன்றினாலும் பிழைத்துக்கொள்ளும். பந்தல் அவரையோ வேறு குணமுடையது. ஆடியில் ஊன்றிய விதை கொடியாகிப் பந்தலை மூடிவிடும். ஆனால் பூ வராது. அவசரப்பட்டவர்கள் உரத்தை அள்ளிப் போடுவார்கள், இலைதான் தழைக்கும். பழைய பந்தல் அவரைக்குப் பகற்பொழுது குறுக வேண்டும். இரவு நீண்ட பின்னரே அது பூக்கும். மார்கழியிலும் தையிலும் காயைக் கொட்டும். வேலையினின்று ஓய்வு பெற்று, மகன் ஓரிடமும் மகள் ஓரிடமுமாய்ப் போய்விட்ட பின், காலை விடிந்ததும் எழுந்திருக்க ஒரு காரணத்தைத் தேடும் முதியோர்க்கு அவரைப் பந்தல் அக்காரணத்தைத் தருவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். அணிலும் கிளியும் கொய்யாவைக் கொத்திப் போகின்றனவே என்று குறைப்படுவதும் அம்மகிழ்ச்சியில் ஒரு பகுதியே. குறைப்பட ஆளில்லாத வீட்டின் அமைதி கொடியது.

தோட்டத்தைப் பற்றிப் பேசும்போது மெண்டல் அடிகளை விட்டுவிட இயலுமா? புனித அகுஸ்தினார் சபைத் துறவியாகிய அவர், இன்றைய செக் நாட்டிலுள்ள பெர்னோ நகர மடத்தின் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்தார். பட்டாணியை அந்நாட்டில் எல்லோரும்தான் வளர்த்தார்கள். மெண்டல் எண்ணினார், எண்ணியதை எழுதி வைத்தார். பூவின் நிறம் என்ன, விதை உருண்டையா சுருங்கியதா, எந்தத் தலைமுறையில் எது எத்தனை என்று குறித்தார். 1866-இல் அச்சேறிய அக்கட்டுரையை அவர் வாழ்நாளில் மதித்தவர் அரிது. அவர் 1884-இல் இறந்த பின், 1900-ஆம் ஆண்டில்தான் உலகம் அதைக் கண்டெடுத்தது. அக்கட்டுரை இல்லாதிருந்தால் அத்தோட்டம் ஒரு குழம்புக்கான பட்டாணியோடு முடிந்திருக்கும்.

நாம் சொல்ல வந்த பொருள் இதுவே. நம் வீடுகளில் சமைக்கிறோம், செடி வளர்க்கிறோம், எழுதி வைப்பதில்லை. ஒரு தாயை அடக்கம் செய்த வீட்டில், அதற்குப் பின் வரும் முதல் கிறிஸ்து பிறப்பு விழாவைக் கவனித்ததுண்டா? முந்திரிக்கொத்துக்குப் பாகு எந்தப் பதம் என்று மகள் மருமகளைக் கேட்பாள். மருமகள் பெரியம்மாவைக் கேட்பாள். பாட்டியிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து கைக்கும் வந்த ஒன்று, அக்கையோடு குழிக்குள் போய்விட்டது. நாற்பது ஆண்டுகள் அவள் சமைத்ததை உண்டவர்களில் ஒருவரேனும் அருகில் அமர்ந்து, 'அம்மா, எவ்வளவு போடுகிறீர்கள்?' என்று கேட்கவில்லை. நிலப் பத்திரத்தை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். அதைவிட எளிதில் தொலையக்கூடிய சொத்து ஒன்று அடுப்படியில் இருப்பதை மறந்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் மாசசூசெட்சு மாநிலத்து ஆமெர்ஸ்ட் என்னும் சிற்றூரில் 1830-இல் பிறந்த எமிலி டிக்கின்சன் என்னும் பெண்மணியை இங்கே அறிமுகம் செய்ய விரும்புகிறோம். அவர் கத்தோலிக்கர் அல்லர்; தம் ஊர்ச் சபையிலும் உறுப்பினராகச் சேராதவர். திருமணம் செய்துகொள்ளவில்லை, பிற்காலத்தில் தந்தையின் வீட்டைவிட்டு வெளியே வருவதே அரிதாயிற்று. வீட்டுக்கு வேண்டிய ரொட்டியைச் சுடுவது அவர் பொறுப்பு. மகள் சுட்டதையே தந்தை விரும்பி உண்பாராம். 1856-இல் உள்ளூர்க் கால்நடைக் கண்காட்சியில் ரை தானிய மாவும் மக்காச்சோள மாவும் கலந்து அவர் சுட்ட ரொட்டி இரண்டாம் பரிசு பெற்றது. பள்ளிப் பருவத்திலேயே நானூறுக்கு மேற்பட்ட செடிவகைகளைப் பறித்து, அழுத்தி உலர்த்தி, பெயரெழுதி ஓர் ஏட்டில் ஒட்டி வைத்திருந்தார். குளிர்நாட்டில் பனிக்காலத்திலும் பூக்கள் மலர வேண்டும் என்று தந்தை அவருக்காகக் கண்ணாடிச் செடியறை ஒன்றைக் கட்டித் தந்தார். அண்டை வீட்டுக் குழந்தைகளுக்கு இஞ்சிக் கேக்கைக் கூடையில் வைத்து மாடிச் சன்னலிலிருந்து கயிற்றால் இறக்கிக் கொடுப்பாராம்.

இந்த வேலைகளுக்கு இடையில், கையில் கிடைத்த தாளிலெல்லாம் அவர் எழுதினார். பழைய உறையின் பின்புறம் எழுதினார். தேங்காய்க் கேக் செய்முறை எழுதிய தாளின் மறுபக்கத்திலும் ஒரு கவிதை இருக்கிறது. வாழ்ந்த காலத்தில் அச்சேறியவை ஏறத்தாழ பத்து; 1886-இல் அவர் இறந்த பின் கிடைத்தவையோ ஏறத்தாழ 1800. அவ்வீட்டு அடுப்படியில் 1869 முதல் அவருக்குத் துணையாக நின்றவர் மார்கரெட் மாஹர் என்னும் அயர்லாந்து நாட்டுக் கத்தோலிக்கப் பணிப்பெண். எழுதியவற்றில் ஒரு பகுதியை அப்பெண்ணின் பெட்டியிலேயே எமிலி வைத்திருந்தார் என்பர். தம் சவப்பெட்டியை ஊர்ப் பெரியவர்கள் அன்று, தம் வீட்டில் உழைத்த அயர்லாந்துத் தொழிலாளரே சுமக்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். அவ்வாறே ஆறு பேர் சுமந்து சென்றனர். ஒரே அடுப்படியில் நின்றவர்களுக்கிடையே உண்டாகும் உறவை நம் வீடுகளில் பணிபுரிவோரை எண்ணியும் நினைத்துப் பாருங்கள்.

அவர் கைப்பட எழுதிய கறுப்புக் கேக் குறிப்பு ஒன்று ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இன்றும் உள்ளது. மாவு 2 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 900 கிராம், முட்டை 19, உலர்ந்த திராட்சை மட்டும் 5 பவுண்டு. ஒரு தெருவுக்கே பங்கிடும் அளவு! நூறாண்டுகளுக்குப் பின் வந்தவர்களும் அக்குறிப்பைப் பார்த்து அந்தக் கேக்கைச் செய்து உண்டிருக்கின்றனர். அவர் கவிதையைப் படியாதவர்களும் அதை உண்ணலாம்.

எல்லோரும் கவிஞராக வேண்டியதில்லை. நாற்பது பக்க ஏடு ஒன்றையும் கயிற்றில் கட்டிய பென்சில் ஒன்றையும் அடுப்படி ஆணியில் மாட்டி வையுங்கள். மாவுக் கறை படட்டும். அழகுக்காக அதை அலமாரியில் வைத்தால் எழுதுவது நின்றுவிடும். தேதி, அன்றைய வானிலை, செய்த பண்டம், ஊன்றிய விதை, யார் யார் உண்டார்கள் என்னும் ஐந்தும் போதும். 'இன்று அவரை முதற்பூ. சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டது. கேக் நடுவில் அமுங்கியது, ஆனாலும் தீர்ந்துவிட்டது' என்பதுபோல் மூன்று வரி எழுதினால் நிறைவு. கைப்பேசியில் படம் பிடித்தாலே ஆயிற்று என்பார் இளைஞர். படம் கேக்கின் தோற்றத்தைக் காட்டும்; சீனி எத்தனை குவளை என்று அது சொல்லாது.

அளவு எழுதுவதில்தான் சிக்கல் வரும். எழுதப் படிக்க அறியாத பாட்டியாரும் கைக்கணக்காய்ச் செய்பவரே. தாயாரும் பெரும்பாலும் அப்படியே. 'கொஞ்சம் போடு', 'கண்ணுக்குத் தெரியும்' என்பார்கள். வாதாட வேண்டாம். அவர்கள் போடப் போகும் 'கொஞ்சத்தை' முதலில் ஒரு தட்டில் போடச் சொல்லுங்கள். பேரப்பிள்ளை அதைக் கரண்டியால் அளந்து எழுதட்டும். எந்தக் கரண்டி என்பதையும் எழுத வேண்டும்: 'பிடி வளைந்த பழைய பித்தளைக் கரண்டி' என்று. பிள்ளைகள் துபாயிலோ சென்னையிலோ இருந்தால் ஞாயிறு மாலைத் தொலைபேசி உரையாடலில் வாரம் ஒரு பண்டமாகக் கேட்டு அங்கிருந்தே எழுதலாம். வழக்கமாக 'சாப்பிட்டாயா, சாப்பிட்டேன்' என்பதோடு முடியும் அப்பேச்சு அன்று அரைமணி நேரம் நீளும். தாயார் இடையிடையே, 'அதை உன் அப்பாவுக்கு முதன்முதலில் செய்தபோது என்ன ஆயிற்று தெரியுமா?' என்று தொடங்குவார்கள். அதையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.