கயாக் சுத்தம்தான், கப்பல்?

துருவக் கப்பல் பயணங்களுக்கான விளம்பரங்களில் ஒரு படம் அநேகமாக இருக்கும். கண்ணாடி மாதிரி அசையாத தண்ணீர், பின்னால் நீலமும் வெள்ளையுமாய் ஒரு பனிப்பாறை, நடுவில் சிவப்போ மஞ்சளோ நிறத்தில் ஒரு சின்னக் கயாக். அதுக்குள்ள இரண்டு பேர். அவ்வளவுதான். அவர்களை அந்த இடத்துக்குக் கொண்டுவந்த கப்பலை மட்டும் படத்தில் காணக் கிடைக்காது. அது கொஞ்சம் தள்ளி, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, படம் எடுத்தவரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும்.

துருவக் கடலில் கயாக் ஓடுவது நல்ல விடயம்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். ஆனால் அந்த நல்ல விடயத்தை முன்னுக்கு நிறுத்தி மிச்சத்தை மறைப்பது சரியில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் கதைக்க வேணும்.

முதலில் நல்லதைச் சொல்லுவம். அந்தாட்டிக்காவுக்குப் போகும் பயணிகளில் பெரும்பாலானோர் ஆர்ஜென்டீனாவின் தென்கோடியில் இருக்கும் உசுவாயாவில் கப்பல் ஏறி, டிரேக் நீரிணையை இரண்டு நாளில் கடந்து, அந்தாட்டிக்கத் தீபகற்பத்துக்குப் போய்ச் சேருகிறார்கள். அங்கே பரடைஸ் குடா, நெக்கோ துறைமுகம் போன்ற காற்று மறைவான இடங்களில், காலநிலை விட்டால் கயாக்கை இறக்குவார்கள். சின்னக் குழு, அனுபவமுள்ள வழிகாட்டி, பின்னால் பாதுகாப்புக்கு ஒரு இறப்பர் படகு. எல்லாருக்கும் தண்ணீர் உள்ளே போகாத உலர் உடை.

உடை சும்மா அழகுக்கு இல்லை. கடல்நீர் உறைவது கிட்டத்தட்ட மறை 1.8 பாகை செல்சியசில். அந்தக் கடல் பெரும்பாலும் அதற்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். அப்படியான தண்ணீருக்குள் விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்தவே போராட வேணும், கை கால் சொன்னதைக் கேட்பது ஏறத்தாழ 10 நிமிடம், நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணித்தியாலம் என்று குளிர்நீர்ப் பாதுகாப்பில் ஒரு கணக்குச் சொல்லிக் குடுப்பார்கள். பனிப்பாறையும் சும்மா நிற்கிற மலை இல்லை. அதன் பெரும் பங்கு, பத்தில் ஒன்பது அளவுக்கு, தண்ணீருக்குக் கீழே. கீழ்ப்பக்கம் உருகிச் சமநிலை குலைந்தால் சொல்லாமல் கொள்ளாமல் பிரண்டுவிடும். அதனால் கிட்டப் போக விடமாட்டார்கள். பனியாற்றிலிருந்து திடீரென்று காற்று இறங்கினால், "இண்டைக்கு இல்லை" என்று வழிகாட்டி சொல்லுவார். அதோடு கதை முடிஞ்சுது. காசு கட்டினனான் என்று அங்கே நின்று வாதாட ஏலாது. எதையும் காசு குடுத்து வாங்கலாம் என்று பழகின ஆட்களுக்கு இந்தப் பாடம் வேறு எங்கேயும் இலகுவில் கிடைக்காது.

இன்னொரு நன்மையும் இருக்கு. கயாக்கில் போகிறவர் கரையை மிதிக்காமலே திரும்பலாம். அந்தாட்டிக்காவுக்கு ஆட்களைக் கொண்டுபோகும் நிறுவனங்கள் 1991இல் தொடங்கிய இயாட்டோ என்ற சங்கத்தின் விதிப்படி, ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் இறங்கக் கூடாது. பென்குயினிடமிருந்து 5 மீற்றராவது தள்ளி நிற்க வேணும். 2023 ஒக்டோபரில் தென் ஜோர்ஜியாத் தீவிலும், 2024 பெப்ரவரியில் அந்தாட்டிக்கப் பெருநிலத்திலும் பறவைக் காய்ச்சல் உறுதிப்பட்ட பிறகு, கரையில் இருப்பது, படுப்பது, பையைக் கீழே வைப்பது எல்லாம் வேண்டாம் என்று ஆகிவிட்டது. இப்படியான நேரத்தில் தண்ணீரில் நின்றே பார்த்துவிட்டு வருவது உண்மையிலேயே பாரம் குறைந்த வழி.

இனி மற்றப் பக்கம். 1966இல் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பவர் ஒரு சின்னக் குழுவை அந்தாட்டிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனதில் இருந்துதான் இந்தப் பயண வகை தொடங்கியது. 2023-24 பருவத்தில் அங்கே போனவர்கள் 1 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல். ஒவ்வொருவரும் விமானத்தில் உலகத்தின் ஒரு அந்தம் வரைக்கும் பறந்து, பிறகு நாட்கணக்காக டீசல் எரிக்கும் கப்பலில் போகிறார்கள். கனரக எரிபொருள் எண்ணெய் 2011இல் அங்கே தடைசெய்யப்பட்டது உண்மை. அது நல்லது. ஆனால் மற்ற எரிபொருளிலிருந்தும் கரி வரத்தான் செய்யும். அந்தக் கரித்தூள் வெண்பனியில் படிந்தால் வெயிலைக் கூட உறிஞ்சி, பனி கெதியாய் உருகும். 2022இல் வெளியான ஒரு ஆய்வு, ஒரு சுற்றுலாப் பயணியின் வருகையால் கூடுதலாக உருகும் பனி ஏறத்தாழ 83 தொன் என்று மதிப்பிட்டது. கயாக்கில் போனவர் துடுப்பால் ஒரு துளி புகையும் விடவில்லை. ஆனால் அந்த 83 தொன்னில் அவரின் பங்கும் இருக்கு.

ஆபத்துக் கணக்கும் இதே மாதிரித்தான். லிண்ட்பிளாட்டுக்காக 1969இல் கட்டின கப்பல், பின்னாளில் எக்ஸ்புளோரர் என்ற பெயரோடு, 2007 நவம்பர் 23 அன்று தென் செற்லாந்துத் தீவுகளுக்குக் கிட்டப் பனியில் மோதி மூழ்கியது. 154 பேரும் தப்பினார்கள். கடல் அமைதியாக இருந்ததும் வேறு கப்பல்கள் கிட்ட நின்றதும் அவர்களின் அதிர்ஷ்டம். கயாக்குக்கு வைத்திருக்கும் "காற்று வந்தால் திரும்பு" என்ற விதி முழுத் தொழிலுக்கும் இருக்கா என்பதுதான் கேள்வி.

"நேரில் பார்த்தவர்கள்தான் அந்த இடத்தைக் காப்பாற்றக் குரல் குடுப்பார்கள்" என்று இதற்குப் பதில் சொல்லுவார்கள். சிலர் குடுக்கவும் கூடும். ஆனால் வந்தவர்களின் அன்பை மட்டும் நம்பி ஒரு கண்டத்தை விட ஏலாது. "போகவே வசதியில்லாத உங்களுக்கு இதில் என்ன?" என்றும் கேட்கலாம். 1959 உடன்படிக்கை அந்தக் கண்டத்தை அமைதிக்கும் அறிவியலுக்கும் என்று ஒதுக்கி, நாடுகளின் உரிமைச் சண்டையை நிறுத்தி வைத்தது. அது பல ஆயிரம் டொலர் வைத்திருக்கிற ஆட்களின் முற்றம் இல்லை. அங்கே நிலத்தில் இருக்கிற பனி உருகினால் கடல் மட்டம் ஏறும். தீவில் இருக்கிற எங்களுக்கு அது தூரத்துச் செய்தி இல்லை.

கயாக் என்ற பெயருக்கும் ஒரு கணக்குத் தீர்க்க இருக்கு. அது இன்யூட் மக்களின் சொல்; கிறீன்லாந்தில் "கயக்". மிதந்து வந்த மரத்தில் சட்டம் கட்டி, சீல் தோல் போர்த்து, வேட்டைக்காரரின் உடம்பு அளவுக்கே செய்த வள்ளம். தோலைத் தண்ணீர் புகாமல் தைத்தது பெண்கள். கவிழ்ந்தால் வெளியே வராமல் உள்ளிருந்தபடியே உருண்டு எழும்புகிற வித்தை அவர்களுடையது. அந்தக் குளிரில் நீந்தித் தப்ப வழியில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜினோ வாட்கின்ஸ் கிழக்குக் கிறீன்லாந்து வேட்டைக்காரரிடம்தான் அதைப் பழகினார். 1932 ஓகஸ்டில் தனியே சீல் வேட்டைக்குப் போனவரின் கயாக் மட்டும் கிடைத்தது. அவருக்கு வயது 25. 1959இல் இல்லோர்சூட் கிராமத்தில் இமானுவேல் கோர்னெலியூசன் கட்டிய ஒரு கயாக்கை ஸ்கொட்லாந்துக்காரர் கென் டெய்லர் கொண்டுபோனார். பிற்காலப் பிரித்தானியக் கடற்கயாக்குகள் சில அதன் வடிவத்திலிருந்துதான் பிறந்தன. கப்பல்களில் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்ரிக் கயாக்குகளும் அந்த அறிவின் வழியில் வந்தவைதான்.

எங்கட கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் "கட்டமரான்" ஆகி, இண்டைக்கு அந்தப் பெயரில் சொகுசுப் படகு விற்கிறார்கள். மரத்தைக் கட்டிக் கடலுக்குப் போனவர்களைப் பற்றி அந்த விளம்பரங்களில் ஒரு வரி இல்லை. அதனால் கயக் செய்தவர்களுக்கு நடந்தது எங்களுக்கு விளங்காத விடயம் இல்லை. ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை. இயந்திரப் படகுகள் வந்து கயாக் கிட்டத்தட்ட மறைந்துபோகும் நிலையில், 1980களில் கிறீன்லாந்து இளைஞர்கள் சங்கம் அமைத்து, கிழவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகி, அதை மீட்டார்கள். இப்போது ஆண்டுதோறும் தேசியப் போட்டி நடக்குது. உருண்டு எழும்பும் முறை மட்டும் முப்பதுக்கு மேல். வடமேற்கில் கானாக் பக்கம் நார்வால் வேட்டைக்கு இண்டைக்கும் கயாக்கில்தான் போகிறார்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது மூன்று.

ஒன்று, எண்ணிக்கைக்கு மேல்வரம்பு. அதை நிறுவனங்களின் நல்ல மனசுக்கு விடாமல் அரசுகள் சட்டமாக்க வேணும். நோர்வே 2025 ஜனவரி 1 முதல் ஸ்வல்பாட்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஒரு கப்பலுக்கு 200 பயணிகள், இறங்க 43 இடங்கள், துருவக் கரடியிடமிருந்து குறைந்தது 300 மீற்றர் என்று எழுதிவிட்டது. ஒரு நாட்டின் கையில் இருப்பதால் அது முடிந்தது. அந்தாட்டிக்காவில் முடிவெடுக்க 29 நாடுகள் ஒத்துக்கொள்ள வேணும். 2024 மே மாதம் கொச்சியில் நடந்த கூட்டத்தில் சுற்றுலாவுக்கான பொதுச் சட்டகம் பற்றிப் பேச்சு எடுத்தார்கள். அந்தப் பேச்சு இழுபடக் கூடாது.

இரண்டு, கயாக்கை விற்கிறவர்கள் கப்பலின் எரிபொருள் கணக்கையும் அதே பக்கத்தில் போட வேணும். சுத்தம் என்று சொன்னால் முழுதையும் சொல்லட்டும்.

மூன்று, கிறீன்லாந்துக் கரையில் கயாக் இறக்கும் கப்பல்கள் அந்த ஊர் ஆட்களை வழிகாட்டிகளாய் வேலைக்கு எடுத்து, அவர்களின் சொல்லிலேயே அந்த வள்ளத்தின் கதையைச் சொல்ல விடட்டும். சம்பளமும் மற்ற வழிகாட்டிகளுக்குக் குடுப்பதுதான் குடுக்க வேணும்.

இதையெல்லாம் செய்தால் கயாக் ஓடும் ஆட்களின் தொகை குறையலாம், விலையும் கூடலாம். பரவாயில்லை. ஊரைக் கூட்டி அந்தக் கடலில் இறக்க வேணும் என்று கட்டாயம் இல்லை. காற்று எழும்பினால் பத்துப் பேரைத் திருப்பிக் கூட்டிவர ஒரு வழிகாட்டிக்குத் துணிவு இருக்குது. கூட்டம் போடுகிற 29 நாடுகளுக்கும் அந்தத் துணிவு வர வேணும்.