யானை கட்டித் திறையளந்த பனங்காமம்

சென்ற கிழமை யப்பான் தேசத்துப் பழைய சிற்றரசுகளைப் பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த கீரி மாணவர் ஒருவர் கடிதம் விடுத்திருக்கிறார். "ஐயா, பத்தாயிரம் கொக்கு அரிசி விளையும் நிலம் கையிலிருந்தால் ஒருவன் அங்கே சிற்றரசனாக மதிக்கப்பட்டான் என்று எழுதினீர்கள். நம் பக்கத்தில் அத்தகையோர் எவரும் இருந்ததில்லையா?" என்பது அவருடைய வினா. (கொக்கு என்றதும் நம்மூர்க் களப்பில் ஒற்றைக்காலில் நிற்கும் பறவையை எண்ணி மயங்கியோரும் உளர் என்று அறிகிறேன். அது யப்பானியரின் அளவை. ஓராள் ஓராண்டு உண்ணும் அரிசி எனலாம்.)

இருந்தார்கள். மன்னார்த் தீவைக் கடந்து, மாந்தையையும் கடந்து, கிழக்கே காட்டு வழியிற் சென்றால் மல்லாவிப் பக்கத்தில் பனங்காமம் என்றோர் ஊர் உண்டு. இன்று அது முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தது. யாழ்ப்பாண அரசர்க்கும், போர்த்துக்கீசருக்கும், அவர்க்குப்பின் ஒல்லாந்தருக்கும் தூக்கங் கெடுத்த ஒரு சிற்றரசின் தலைமையிடம் அது.

வன்னி நாடு ஒரே அரசனால் ஆளப்பட்டதன்று. பனங்காமம், கரிக்கட்டுமூலை, கருநாவல்பத்து, மேல்பத்து, முள்ளியவளை, தென்னமரவாடி எனப் பல பற்றுக்களாகப் பிரிந்து, பற்றுக்கு ஒரு வன்னியனாக ஆண்டுவந்தனர். இவருள் பனங்காமத்தான் வலியவன். வன்னியர் இந்நாட்டுக்கு வந்த கதையை வையாபாடல் விரித்துரைக்கும். அதிற் கதை எவ்வளவு, வரலாறு எவ்வளவு என்று பிரிப்பது அறிஞர்க்கே எளிதன்று. ஆதலின் அதனை இங்கே எடுத்துக்கொள்ளாமல், ஏட்டில் ஐயமறப் பதிந்த காலத்துக்கு வருவோம்.

1560ஆம் ஆண்டில் போர்த்துக்கீசர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் முதலில் மன்னார்க் கோட்டையைப் பிடித்தனர். அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணக் கோட்டையும் அவர் வசமாயிற்று. கோட்டைகள் விழுந்தன. காடு விழவில்லை. வடக்கே யாழ்ப்பாணத்து ஒல்லாந்தர், தெற்கே கண்டி அரசன். இருவருக்கும் இடையில் வன்னியன். ஒருவர் நெருக்கினால் மற்றவர் பக்கம் சாய்வான் என்ற அச்சம் இருவருக்கும் இருந்தது. அந்த அச்சமே வன்னியனுக்கு அரண்.

யப்பானியச் சிற்றரசனை அரிசியால் அளந்தார்கள். நம் வன்னியனை யானையால் அளந்தார்கள். வன்னியர் ஒல்லாந்தருக்கு ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய திறை பொன்னன்று, நெல்லன்று. நாற்பதுக்கு மேற்பட்ட யானைகள்! காட்டில் அவற்றைப் பிடித்துப் பழக்கி, ஆனையிறவுப் பக்கமாகக் குடாநாட்டுக்கு நடத்திச் சென்று ஒப்படைக்க வேண்டும். கொம்பனுக்கு ஒரு மதிப்பு, கொம்பில்லாத அலியனுக்கு ஒரு மதிப்பு. உயரத்தையும் அளந்து விலை குறிப்பர். கோல்கொண்டா முதலிய தேசத்து வணிகர் யாழ்ப்பாணத்துக்கு வந்து அவற்றை வாங்கிச் செல்வர். கொம்பனித்துரைமாரின் பேரேட்டில் நல்ல வரவாக நின்றது இந்த வாணிகமே. பின்னர் திறை குறைந்தபோது அவர்கள் கொண்ட சினத்துக்கும் அதுவே காரணம்.

நெல்லை அளப்பவன் பற்றாக்குறைக்கு மழையைச் சாட்டலாம். யானை பிடிப்பவன் எதைச் சாட்டுவது? காட்டைச் சாட்டினான் வன்னியன். அந்தக் காட்டுக்குள் புகுந்து எண்ணிப் பார்க்க எந்த ஒல்லாந்தனுக்குத் துணிவு உண்டு? நிலுவை ஆண்டுக்காண்டு ஏறியது.

யப்பானில் சிற்றரசர் தலைநகராகிய எடோவுக்கு முறைவைத்துச் சென்று தங்க வேண்டும். மனைவி மக்களைப் பிணையாக அங்கேயே விட்டுவைக்கவும் வேண்டும். வன்னியருக்கு அத்துணைக் கடுமை இல்லை. யாழ்ப்பாணத்துக்கு நேரில் வந்து ஒல்லாந்தத் தலைவரைக் கண்டு பணிவு காட்டினால் போதும். அந்த எளிய கடமையையும் செய்ய மறுத்தவன் பனங்காமத்துக் கயிலை வன்னியன். அழைத்தார்கள், வரவில்லை. அச்சுறுத்தினார்கள், அப்போதும் வரவில்லை. 1678ஆம் ஆண்டில் அவன் இறந்தான். இறக்கும்வரை ஒல்லாந்தர் முன் தலைவணங்காதவன் என்பதே அவன் பெயரை நிலைநிறுத்திற்று.

அவனுக்குப்பின் லோரன்ஸ் பைல் என்னும் ஒல்லாந்தத் தலைவர் அவ்வதிகாரத்தை இருவருக்கு அளித்தார். ஒருவர் தொன் பிலிப் நல்லமாப்பாணர்; மற்றவர் தொன் கஸ்பார் இளங்கநாராயண முதலியார். பெயர்களைப் பாருங்கள்! முன்பாதி போர்த்துக்கீசம், பின்பாதி தமிழ், பதவி கொடுத்தவனோ ஒல்லாந்தன். மூன்று ஆட்சிகளின் வரலாறு ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டது. இவர்களாவது திறையை ஒழுங்காகச் செலுத்தினார்களா என்றால் அதுவும் இல்லை. 1697ஆம் ஆண்டில் சுவார்டகுரோன் என்ற யாழ்ப்பாணத் தலைவர் தமக்குப்பின் வருவோர்க்கு எழுதிவைத்த நீண்ட குறிப்பில் இவர்களது யானை நிலுவையைப் பற்றிய முறைப்பாடு காணப்படுகிறது.

இங்கே ஒரு சொல் சொல்லாமலிருக்க முடியவில்லை. கயிலை வன்னியனைப் பற்றி நாம் அறிவனவெல்லாம் பெரும்பாலும் அவன்மீது சினங்கொண்டவர் எழுதியவை. கணக்குப்பிள்ளையின் முறைப்பாட்டைக் கொண்டு ஒரு மனிதனின் முகத்தை வரைய வேண்டியிருக்கிறது. குடிகளிடம் அவன் நல்லவனாக நடந்தானா, கொடியவனாக நடந்தானா? திறை தர மறுத்ததனாலேயே அவனை வீரன் என்று புகழ்ந்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. யானை பிடிக்கக் காட்டுக்குள் அனுப்பப்பட்ட ஏழைக் குடியானவனின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லையே!

1782ஆம் ஆண்டில் ஒல்லாந்தரின் பொறுமை முடிந்தது. தோமஸ் நாகல் என்ற படைத்தலைவன் வன்னிக்குள் புகுந்தான். இலங்கையில் ஒல்லாந்தர் கண்ட எதிர்ப்புக்களுள் கடுமையானவற்றுள் அதுவும் ஒன்று என்பர். வன்னிச்சியருள் ஒருவரான மரியா செம்பத்தை சிறைப்பட்டுக் கொழும்புக்குக் கொண்டுபோகப்பட்டார். நாகல் வன்னியின் நிர்வாகியானான். வன்னியர் ஆட்சி அத்தோடு ஒழிந்தது என்றே எல்லோரும் எண்ணினர்.

1795ஆம் ஆண்டில் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஆங்கிலேயர் கைக்கு மாறின. 1803ஆம் ஆண்டில் அவர்கள் கண்டியோடு போரில் இறங்கிய வேளை பார்த்துப் பண்டாரவன்னியன் எழுந்தான். ஆகஸ்ட் 25ஆம் நாள் முல்லைத்தீவு அவன் வசமாயிற்று. அங்கிருந்த படையினர் கடல்வழியே தப்பியோடினர். ஆங்கிலேயர் யாழ்ப்பாணம், திருகோணமலை, மன்னார் என்னும் மூன்று திசைகளிலிருந்து அவன்மேல் வந்தனர். கீரி மாணவர் இதைக் கவனிக்க வேண்டும்: வன்னியின் கடைசித் தலைவனை வளைத்த மூன்று கைகளுள் ஒன்று அவருடைய ஊர்ப்பக்கத்திலிருந்து நீண்டது. ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் டிரிபேர்க் என்ற படைத்தலைவன் அவனைத் தோற்கடித்தான்.

அவ்விடத்தில் நாட்டப்பட்ட கல்லில் பொறிக்கப்பட்டது 'தோற்கடித்தான்' என்பதே, 'கொன்றான்' என்பதன்று. பள்ளி நாடகங்களில் அவன் அங்கேயே வீழ்ந்து மடிகிறான். அவன் தப்பிச் சென்று பின்னரும் சில ஆண்டுகள் போராடினான் என்று உரைப்போரும் உளர். கல்லின் சொல்லுக்கு மேற்பட்டு நான் எதுவும் கூறப்போவதில்லை.

மரியா செம்பத்தையைப் பற்றி இன்னும் எழுத ஆசை உண்டு. மாந்தை, மடு, பனங்காமப் பகுதிகளில் பழைய ஓலைகளோ தோம்புப் பிரதிகளோ வைத்திருக்கும் குடும்பத்தினர் அவற்றைக் கறையான் தின்னுமுன் எடுத்துப் பார்த்து எழுதுவார்களாக. மாணவர்கள் தங்கள் வீட்டுப் பாட்டிமாரைக் கேட்டு எழுதினாலும் மகிழ்ச்சியே.