பறக்காத விமானம் வேணும்! பெரம்பலூருக்கு ஒண்ணு, அரியலூருக்கு ஒண்ணு

2024-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி சாயங்காலம் திருச்சியில் வானத்தை அண்ணாந்து பார்க்காத ஆள் இல்லை. சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 140-க்கும் மேற்பட்ட உயிர்கள். எரிபொருளைத் தீர்ப்பதற்காக விமானம் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வட்டம் அடித்தது. கீழே ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் வரிசை கட்டி நின்றன. கடைசியில் இரவு 8 மணிக்கு மேல் பூப்போல இறங்கியது.

பெரம்பலூர், அரியலூர் ஜனங்களுக்குத் திருச்சிதான் விமான நிலையம். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ பிள்ளையை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற வீடு இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அன்று ராத்திரி டி.வி. முன்னால் அந்த வீடுகளில் எல்லாம் வயிற்றில் நெருப்பு.

"பைலட்டுக்கு என்ன தைரியம்யா!" என்று மறுநாள் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். தைரியம் மட்டும் இல்லை அண்ணாச்சி, பழக்கம்! விமான கம்பெனிகள் தங்கள் பைலட்டுகளை 6 மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர் என்கிற பெட்டிக்குள் உட்கார வைத்து சோதிக்கின்றன. அச்சு அசலாக விமானத்தின் மூக்கு அறை. வெளியே தெரிவது திரை. ஆறு கால்களின் மேல் நின்று ஆடும், குலுங்கும். என்ஜினில் தீ, சக்கரம் இறங்கவில்லை, கண் தெரியாத மூடுபனி என்று ஒவ்வொரு ஆபத்தாக உள்ளே அனுப்புவார்கள். தப்பு செய்தால் யாரும் சாக மாட்டார்கள். காபி குடித்துவிட்டு வந்து மறுபடி உட்காரலாம்.

அந்தப் பெட்டியின் விலை பல கோடி. ஆனால் அதைச் சின்ன அளவில் வீட்டிலேயே, கார் ஷெட்டிலேயே, மாடி ரூமிலேயே கட்டி உட்காருகிற ஒரு 'பைத்தியம்' உலகம் பூராவும் பரவிக் கிடக்கிறது. அது நல்ல பைத்தியம். நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் அது பிடிக்கணும் என்பது என் கட்சி.

ஆர்மோனியத் துருத்தி!

இதை ஆரம்பித்து வைத்தவர் பெரிய விஞ்ஞானி இல்லை. அமெரிக்காவில் பிங்காம்டன் என்ற ஊரில் பியானோவும் ஆர்கனும் செய்கிற பட்டறைக்காரர் மகன், எட்வின் லிங்க். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை. கட்டணமோ எக்கச்சக்கம். பட்டறையில் கிடந்த ஆர்கன் துருத்தியையும் காற்று பம்பையும் எடுத்தார். மரத்தில் குட்டி விமானம் செய்து துருத்தி மேல் உட்கார வைத்தார். குச்சியை இடப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் சாயும். இது 1929-ம் ஆண்டு.

வாங்கினவன் யார் தெரியுமா? பொருட்காட்சிக்காரன்! காசு போட்டு ஏறுகிற ராட்டினம் மாதிரி வைத்தார்கள். பறக்கிறவர்கள் அதைப் பார்த்து சிரித்தார்கள்.

1934-ல் அமெரிக்க ராணுவம் தபால் விமானம் ஓட்டும் வேலையை ஏற்றது. மழை, பனி, இருட்டு. சில வாரத்துக்குள் வரிசையாகப் பைலட்டுகள் செத்தார்கள். கருவியை மட்டும் பார்த்து ஓட்டும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. அப்புறம்தான் ராணுவம் ஓடிவந்து லிங்க் பெட்டி 6 வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் பல லட்சம் பைலட்டுகள் அந்த மரப்பெட்டியில் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள்.

நம்ம பக்கமும் இந்தப் பைத்தியம் புதுசில்லை. 1910-லேயே மெட்ராசில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர் தானே விமானம் வடிவமைத்து, சிம்ப்சன் கம்பெனியில் கட்டவைத்து, பல்லாவரத்தில் பறக்கவிட்டார். ஓட்டல்காரர்!

பழைய வேன் சீட் போதும்

சரி, வீட்டில் எப்படிக் கட்டுகிறார்கள்? ஒரு கம்ப்யூட்டர். அதில் பறக்கும் புரோகிராம். மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் 1982-லிருந்து இருக்கிறது, இப்போது 2024 பதிப்பு. காசு கொடுக்க முடியாதவர்களுக்கு பிளைட்கியர் என்ற புரோகிராம் முழுக்க இலவசம். ஆரம்பத்துக்கு சில ஆயிரம் ரூபாய் ஜாய்ஸ்டிக் ஒன்று. ஏர்பஸ் 320 விமானத்திலேயே ஓட்டுகிற கைப்பிடி பக்கவாட்டுக் குச்சிதான் என்பதால் அதைக் கட்டுகிறவர்களுக்கு ஸ்டியரிங் செலவு மிச்சம். போயிங் 737 கட்டுகிறவர்கள் அந்த ஸ்டியரிங்கையும் தாங்களே செய்கிறார்கள்.

கருவிப் பலகைதான் வேடிக்கை. நூறு கடிகார முள் வாங்க வேண்டாம். பிளைவுட் பலகையில் வட்டம் வட்டமாக ஓட்டை போட்டு, பின்னால் ஒரு பழைய மானிட்டரை வைத்துவிடுகிறார்கள். ஓட்டை வழியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனி மீட்டர் மாதிரி இருக்கும். பலே யோசனை!

வேகம் கூட்டுகிற லீவருக்குள் இருப்பது நம்ம ரேடியோவில் சத்தம் கூட்டுகிற வால்யூம் கண்ட்ரோலின் அண்ணன் தம்பி. டி.வி. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவார். சுவிட்சுகளையும் விளக்குகளையும் கம்ப்யூட்டரோடு பேச வைப்பது ஆர்டுயினோ என்கிற உள்ளங்கை அளவு போர்டு, சில நூறு ரூபாய். விளக்குக்கு 5 வோல்ட் கரண்ட் வேண்டுமா? காயலான் கடையில் கிடக்கிற பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளை பெட்டியே போதும். உட்கார வேன் சீட். பெரம்பலூர் பைபாஸ் ஓரம் டிங்கரிங் பட்டறை, அரியலூரில் லாரிப் பட்டறை, லேத், வெல்டிங். சீட்டுக்கும் ஸ்டாண்டுக்கும் பஞ்சமா நமக்கு?

ஒரே சமயத்தில் கட்டி முடிக்கிறவர் யாரும் இல்லை. நாலு வருஷம், ஆறு வருஷம் என்று இழுக்கும். வீட்டில் திட்டு விழும். அது கணக்கில் சேராது.

ஜாக்கிரதை!

குற்றச் செய்தி எழுதுகிறவன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. பைலட் லைசென்ஸ் வாங்க இன்றைக்கு அரைக் கோடி ரூபாயைத் தாண்டுகிறது. ஆசை இருக்கிற இடத்தில்தான் ஆசாமிகள் கடை விரிப்பார்கள். 'ஏர்போர்ட்டில் வேலை' என்று சொல்லி லட்சக்கணக்கில் சுருட்டியதாகப் போலீசுக்கு வராத புகாரா? 2011-ல் போலி மார்க் பட்டியல் கொடுத்து லைசென்ஸ் வாங்கியதாக பைலட்டுகளையே டெல்லியில் கைது செய்தார்களே!

நாளைக்கு எவனாவது இப்படி ஒரு பிளைவுட் பெட்டியைக் கட்டி, 'பைலட் பயிற்சி மையம்' என்று போர்டு மாட்டி, நிலத்தை விற்ற பணத்தோடு வருகிற விவசாயியிடம் ரசீது கிழிக்கலாம். ஏமாறாதீர்கள். கமர்ஷியல் லைசென்சுக்கு 200 மணி நேரம் நிஜமாகவே வானத்தில் பறந்திருக்க வேண்டும். டி.ஜி.சி.ஏ. என்கிற மத்திய அரசு இயக்குநரகம் அங்கீகரித்த சிமுலேட்டரில் உட்கார்ந்தாலும் குறிப்பிட்ட மணி நேரம் வரைதான் கணக்கு. வீட்டுப் பெட்டியில் ஆயிரம் மணி நேரம் உட்கார்ந்தாலும் கணக்கில் பூஜ்யம்.

"அப்ப அது எதுக்குய்யா? சோறு போடுமா?"

கேட்பது நியாயம். டெல்லியில் பகதூர் சந்த் குப்தா என்று ஒருவர். இந்தியன் ஏர்லைன்சில் என்ஜினீயராக இருந்தவர். பழைய ஏர்பஸ் 300 ஒன்றை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு பக்கம் இறக்கையே கிடையாது. ஏழை ஜனங்கள் டிக்கெட் எடுத்து ஏறி, பெல்ட் போட்டு, அறிவிப்பு கேட்டுவிட்டு இறங்கினார்கள். பறக்காத விமானம்! உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அந்த ஜனங்கள் ஏமாறவில்லை. பறக்காது என்று தெரிந்தேதான் ஏறினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நம்ம ஊர் பிள்ளைகளைச் சாத்தனூருக்கு பஸ் வைத்துக் கூட்டிப்போய் 12 கோடி வருஷத்துக் கல்மரம் காட்டுகிறோம். நல்லது. தலைக்கு மேல் தினமும் போகிற விமானத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று எங்கே காட்டுகிறோம்?

காட்டுவதோடு நிற்க வேண்டாம். கட்ட வைக்கலாம். ரெண்டு மாவட்டத்திலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. எலக்ட்ரீஷியன் பையன் ஒயரிங் போடட்டும், பிட்டர் பையன் பெடல் செய்யட்டும், வெல்டர் சட்டம் அடிக்கட்டும், கம்ப்யூட்டர் படிக்கிற பொண்ணு போர்டுக்குப் புரோகிராம் எழுதட்டும். பைலட் ஆகிறார்களோ இல்லையோ, இதைக் கட்டி முடித்தவன் எந்தத் தொழிற்சாலை பேனலைத் திறந்தாலும் கை நடுங்க மாட்டான்.

பணம்? அரியலூரைச் சுற்றிலும் சிமெண்ட் ஆலைகள். பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்று 2013-ம் ஆண்டு கம்பெனி சட்டமே சொல்கிறது. கல்வியும் அதில் சேர்த்தி. கலெக்டர்கள் ரெண்டு பேரும் ஒரு கூட்டம் போட்டால் முடிந்தது.

அந்த ஆலைக்காரர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. சுண்ணாம்புக்கல் லாரி மோதி ஆள் செத்து, ஊர் ஜனம் மறியல் செய்து, போலீஸ் வந்து சமாதானம் பேசுகிற செய்தியை எழுதி எழுதி என் பேனா தேய்ந்துவிட்டது. அதே சீட், அதே திரை, அதே பெடல். விமானக் குச்சியைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கை மாட்டி, லாரி புரோகிராமைப் போட்டால் டிரைவர் பயிற்சிப் பெட்டி. குறுக்கே ஓடுகிற ஆட்டுக்கும் ஸ்கூல் சைக்கிளுக்கும் பிரேக் போட முதல் பாடத்தை நிஜ ரோட்டில்தான் படிக்க வேண்டும் என்று யார் சொன்னது?

கட்டி முடித்தவர்கள் முதலில் திருச்சியிலிருந்தே கிளம்பட்டும். சின்ன செஸ்னா விமானம், 27-ம் நம்பர் ஓடுபாதை. மேற்கே எழும்பி வலப்பக்கம் திரும்பினால் காவிரி, அடுத்து கொள்ளிடம். அப்புறம் கீழே ஓடுகிற சென்னை ரோட்டை விடாமல் பிடித்தால் கால் மணி நேரத்தில் பெரம்பலூர், இடப்பக்கம் பச்சைமலை. சாட்டிலைட் படத்தை வைத்து ஊரைக் காட்டுகிற புரோகிராம் என்றால், கிழக்கே திரும்பியதும் அரியலூர் சுண்ணாம்புக்கல் குழிகள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். இறங்க இங்கே ஓடுபாதை கிடையாது. திருச்சிக்கே திரும்ப வேண்டியதுதான். இன்வெர்ட்டர் இருக்கட்டும். இறங்குகிற நேரம் பார்த்துக் கரண்டு போகும்.