ஹேவாஹெட்ட ஏற்றத்தில் ஒரு மொறிஸ் மைனர்

கண்டி மாநகரிலிருந்து தலாத்துஓயா, மாரஸ்ஸன வழியாக ஹேவாஹெட்டவுக்கு ஏறிச்செல்லும் பாதையிலே ஒரு தடவையேனும் பயணஞ் செய்த அன்பர்கள் அதன் வளைவுகளை எளிதில் மறக்கமாட்டார்கள். இம்மலைப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்திலேதான் 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, நம் நாட்டின் தேயிலைத் தொழிலுக்கு அடிகோலினார். தேயிலையை நம்பி மக்கள் வந்தனர். பின்னாளில் அம்மக்களை நாடி மோட்டார் வண்டிகளும் வந்தன.

அத்தகைய வண்டியொன்றை அண்மையில் ஹேவாஹெட்டவில் கண்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டு முகப்பிலே, மழை படாமல் தார்ப்பாய் போர்த்தி நிறுத்தப்பட்டிருந்தது அந்த மொறிஸ் மைனர். ஆசிரியரின் தந்தையார் தோட்ட வைத்தியசாலையில் மருந்தாளராக இருந்தவர். 1958ஆம் ஆண்டில் வாங்கிய அவ்வண்டியிலே, நள்ளிரவென்றும் பாராது லயங்களுக்குச் சென்று நோயாளரைக் கண்டு வந்தவர். மகனும் அதனைக் கண்போலக் காத்து வருகிறார்.

தேநீர் அருந்தியவாறே பெரியவர் தம் மனக்குறையை என்னிடம் கூறலானார்.

"தம்பி, பெற்றோல் என்றால் அது அந்தக் காலத்துப் பெற்றோல்தான்! 2002ஆம் ஆண்டிலே ஈயத்தை எடுத்துவிட்டார்கள். நான்கு வருடம் போகவில்லை. தலாத்துஓயா ஏற்றத்திலே வண்டி மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. என் தகப்பனார் காலத்தில் ஒருநாளாவது இப்படி நடந்ததுண்டா?"

வாயிற்படியில் நின்ற பேத்தி சிரித்தாள். உயர்தர வகுப்பில் இரசாயனம் கற்கும் பெண். "வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் தாத்தா இதைத்தான் சொல்லுவார்" என்றாள்.

பெரியவரின் முறைப்பாடு பொய்யன்று. அதில் ஒரு பாதி முழு உண்மை. முதலில் அந்தப் பாதியைப் பார்ப்போம்.

எஞ்சினுள்ளே எரிந்த புகையை வெளியேற்றும் வால்வு, ஒவ்வொரு சுற்றிலும் செந்நிறமாய்க் காய்ந்த நிலையில் தன் இருக்கையிலே வந்து அறைகிறது. பழைய மொறிஸ் எஞ்சினிலே அவ்விருக்கை தனியான உறுப்பன்று. தலைப்பகுதியின் வார்ப்பிரும்பிலேயே கடைந்தெடுக்கப்பட்டது. பெற்றோலில் கலந்திருந்த ஈயம் எரிந்து, வால்வுக்கும் இருக்கைக்கும் இடையே மெல்லிய படலமாகப் படிந்து மெத்தைபோல் உதவிற்று. அப்படலம் அற்றுப்போனால், சூடேறிய இரும்பு இரும்போடு கணந்தோறும் ஒட்டிப் பிரிகிறது. பிரியும்போதெல்லாம் அணுவளவு தேய்கிறது. இருக்கை தேயத் தேய வால்வு உள்ளே இறங்கும். டப்பட் இடைவெளி குறையும். இறுதியில் வால்வு முழுவதும் மூடாமல் அழுத்தம் கசியும். பாரத்தோடு, தாழ்ந்த கியரிலே, வேகமாகச் சுழலும் எஞ்சினுக்கே இத்தீங்கு மிகுதி. ஹேவாஹெட்ட ஏற்றமோ அதற்கென்றே அமைந்தது போன்றது! முன்பு படிந்திருந்த ஈயம் சில ஆயிரம் மைல்களுக்குக் காவல் செய்யுமாதலால், நோய் உடனே தெரியாமல் பின்னரே தலைகாட்டும்.

இனி மறுபாதியைப் பார்ப்போம்.

பெற்றோலில் ஈயம் கலந்தது வால்வுக்காக அன்று. எஞ்சினில் எழும் 'நொக்கிங்' என்னும் தட்டோசையை அடக்குவதற்காகவே கலந்தனர். அமெரிக்காவிலே, ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த தோமஸ் மிட்ஜ்லி என்பார் 1921ஆம் ஆண்டு டிசம்பரில் டெட்ரா எத்தில் ஈயத்தின் இவ்வாற்றலைக் கண்டறிந்தார். 1923இல் விற்பனை தொடங்கிற்று. அடுத்த ஆண்டே நியூஜேர்சியில் அதைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். பத்திரிகையாளரின் அச்சத்தைப் போக்க எண்ணிய மிட்ஜ்லி, அவர்கள் கண்முன்னே அத்திரவத்தைத் தம் கைகளில் ஊற்றித் தேய்த்து, முகர்ந்தும் காட்டினார். இத்தனைக்கும் அவரே அதற்கு முந்திய ஆண்டிலே ஈய நஞ்சால் நலிந்து ஓய்வெடுக்க நேர்ந்தவர்!

இதை நான் கூறியபோது பெரியவரின் முகம் சற்றே மாறிற்று.

"தம்பி, என் தகப்பனாரும் காபரேட்டரைக் கழற்றிப் பெற்றோலில்தான் கழுவுவார், கிறீஸ் பிடித்த கையையும் அதிலேதான் கழுவுவார். இதே முகப்பில்தான். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம். மருந்தின் அளவு ஒரு துளி தவறினாலும் பொறுக்காத மனிதர் அவர்" என்றார்.

அந்த ஈயம் தோலின் வழியேயும் உடலினுட் புகவல்லது. எஞ்சினில் எரிந்தபின்போ புகையோடு வெளியேறித் தெருப்புழுதியிலே தங்கிற்று. பூமியின் வயது 455 கோடி ஆண்டுகளென 1956இல் அறுதியிட்ட விஞ்ஞானி கிளேர் பாற்றர்சன், தம் ஆய்வுகூடத்தில் எப்பொருளை எடுத்தாலும் ஈயம் கலந்திருக்கக் கண்டு திகைத்தார். அது இயற்கையன்று, மனிதரின் செயலே என்று 1965இல் உலகறியக் கூறினார். 1979இல் ஹேர்பேட் நீடில்மன் என்னும் வைத்தியர் சிறுவரின் பாற்பற்களைச் சோதித்து, ஈயம் மிகுந்த பிள்ளைகள் அறிவுச் சோதனைகளிற் பின்தங்கியதை வெளியிட்டார். பிள்ளைகளின் இரத்தத்திலே இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவொன்றும் இல்லை என்பதே இன்றைய வைத்தியர்களின் முடிவு.

ஆதலால் நாடுகள் ஒவ்வொன்றாக ஈயத்தைக் கைவிட்டன. இங்கிலாந்தில் 1999இன் முடிவோடு அதன் பொது விற்பனை நின்றது. இந்தியாவில் 2000இலும் இலங்கையில் 2002இலும் நின்றது. இறுதியாக 2021இல் அல்ஜீரியாவும் நிறுத்தியது.

அப்படியாயின் பழைய வண்டிகளை இரும்புக்கு விற்றுவிடுவதா? வேண்டியதில்லை. வெளிநாட்டுச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களில் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட நாள் முதலாக, பழையதைப் பழுதுபார்த்து ஓட்டுவதிலே நம்மவர் தேர்ந்தவர்கள். 2020இல் மீண்டும் நின்ற இறக்குமதி 2025இலேயே தளர்ந்தது என்பதையும் நாம் கண்டோமல்லவா?

வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் கவனிக்க வேண்டியவை சிலவே. டப்பட் இடைவெளியை ஒழுங்காக அளந்து பாருங்கள். மொறிஸ் மைனர் 1000இல் அது குளிர்ந்த நிலையில் ஓர் அங்குலத்தில் ஆயிரத்துக்கு 12 பங்கு. அடிக்கடி அது குறைந்துகொண்டே வருமாயின் இருக்கை தேய்கிறதென்று அறிக. தட்டோசை கேட்டால் 95 ஒக்டேன் பெற்றோலை இடலாம். அல்லது தீப்பொறி விழும் நேரத்தைச் சிறிது பிற்படுத்தலாம். ஈயத்துக்குப் பதிலாகச் சேர்க்கும் திரவங்களும் உண்டு. நிலையான பரிகாரம் யாதெனில், தலைப்பகுதியைக் கழற்றி, கடின உலோகத்தாலான வால்வு இருக்கைகளைப் பதிப்பதே. வொக்ஸ்வாகன் வண்டு போன்ற அலுமினியத் தலை எஞ்சின்களுக்கு இக்கவலை இல்லை. அவற்றில் தனி இருக்கைகள் முன்னரே பதிக்கப்பட்டுள்ளன. மாதத்தில் ஓரிரு நாள் மெதுவாக ஓடும் வண்டிக்கோ பெரும்பாலும் எதுவுமே செய்யத் தேவையிராது.

நம் பெரியவரும் கண்டியிலுள்ள கராஜ் ஒன்றில் இருக்கைகளைப் பதித்துப் பல ஆண்டுகளாயின. அதன்பின் வண்டி ஒரு தடவையேனும் ஏற்றத்தில் நின்றதில்லையாம்! பின் ஏன் இன்னும் முறைப்பாடு என்று வினவினேன்.

அவர் உடனே விடை கூறவில்லை. மறைந்த தந்தையாரின் நாளைக் குறை கூற அவர் மனம் இடந்தரவில்லை போலும். சிறிது நேரஞ்சென்று, "அவருக்குத் தெரிந்திருந்தால் செய்திருக்கமாட்டார்" என்று மட்டும் சொன்னார்.

மாலையில் என்னைப் பேருந்து நிலையத்தில் விடுவதற்காக வண்டியை எடுத்தார். பேத்தி பின் ஆசனத்தில் ஏறிக்கொண்டு சாளரக் கண்ணாடியை முழுவதும் இறக்கினாள். பனி படர்ந்த ஏற்றத்திலே முன்னே ஒரு லொறி புகை கக்கிச் சென்றது. பெரியவர் வேகத்தைக் குறைத்து, அது வெகுதூரம் செல்லும்வரை பொறுத்திருந்து, அதன்பின்னரே இரண்டாம் கியரை இட்டார்.