ஓலையின் அடியில்

திண்டுக்கல் மாவட்டம் அய்யம்பாளையம் பக்கத் தென்னந்தோப்பு ஒன்றில் கீழ்மட்டையைத் தடவிப் பார்த்தேன். விரலெல்லாம் அடுப்புக்கரி போலக் கரும்பூசணம். ஓலையைப் புரட்டினால் சுருள்சுருளாக வெள்ளை மாவு. 2016இல் இந்தியாவில் முதன்முதலாகப் பொள்ளாச்சியில் தென்பட்ட அதே சுருள் வெள்ளை ஈ. “வேப்பெண்ணெயும் பூஞ்சை மருந்தும் சேர்த்தே அடிச்சுட்டேன் தம்பி, கேக்கல” என்றார் தோப்புக்காரர். அடித்தது உச்சிவெயிலில். அந்த மருந்திலுள்ள ஐசேரியா பூஞ்சை உயிருள்ள வித்து. ஈரப்பதம் இருந்தால்தான் முளைத்து, பூச்சியின் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். திண்டுக்கல் சமவெளியின் காய்ந்த காற்றில் அதற்குச் சாயங்காலம்தான் நேரம். வேப்பெண்ணெய் குஞ்சுகளின் வளர்ச்சியைக் கெடுத்துத் தளர்த்தும். அளவு மிஞ்சினாலோ பூஞ்சை வித்தையும் முளைக்க விடாது. சேர்ந்தால் நல்ல ஜோடிதான், ஆனால் மருந்துப் பாக்கெட்டை விவசாயி கையில் கொடுத்து அனுப்பினால் போதுமா? எவ்வளவு, எப்போது, எத்தனை நாள் இடைவெளி என்று தோப்புக்கே வந்து ஒருவர் காட்ட வேண்டாமா? இனி கடும் ரசாயனம்தான் என்று தோப்புக்காரர் சொன்னபோது பதறிப்போய் லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். அதே ஓலையில், வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா குளவி முட்டையிட்ட குஞ்சுகள் கறுத்துக் கிடந்தன.